தொட்டிலின் குறுக்குக் குச்சி

செபராங் ஜெயா
18 பிப்ரவரி 2024

மாரிச்செல்விக்கு,

தனேஷின் கருமாதி முடிந்து இன்றோடு இரண்டு நாள். அவன் புருவத்துக்கு மேலே நீ போட்ட பள்ளத்தைப் பஞ்சு வைத்து அடைத்துத்தான் பெட்டியில் படுக்க வைத்தார்கள். நான்தான் தலையைத் தூக்கிப் பிடித்தேன். பின்மண்டை என் உள்ளங்கையில் அமுங்கியது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே முதலில் எழுதுகிறேன்.

அம்மா செத்தபோது தம்பிக்கு நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. அன்று முதல் அவனுக்குச் சோறு போட்டவள் நான். விமானம் ஏறி, பஸ் ஏறி, கோவில்பட்டிக்கு வந்து உன்னைப் பெண் கேட்டவளும் நான்தான். ஊர்ப் பெண் அடக்கமாக இருக்கும் என்று நம்பினேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்படி என்ன செய்துவிட்டான் அவன்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினான். இது பினாங்கு. இங்கே கைலியை ஸ்பிரிங்கில் மாட்டி மேலும் கீழுமாகத்தான் ஆட்டுவோம். மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, நம் வீடு, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் தூங்கும். உங்கள் ஊரில் சேலையைக் கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவீர்கள் என்பதால் எங்கள் ஆட்டம் உனக்குக் கொலையாகத் தெரிந்ததா? சம்பல் இடிக்கிற கல் உலக்கையால் மூன்று அடி அடித்திருக்கிறாய். ஒன்று இல்லை, மூன்று. நான்கு நாள் மெஷினில் மூச்சு விட்டுச் செத்தான்.

யுகேஷுக்கு ஆறு மாதம் ஆகிறது. அப்பனைக் கொன்றவளோடு அவன் சிறையில் கிடக்கக் கூடாது. நலத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ ஒப்புக்கொண்டால் பிள்ளையை என்னிடம் கொடுப்பார்கள். பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு. போடாவிட்டால் கோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நீ தூக்கில் தொங்கும் வரைக்கும் சாட்சி சொல்வேன்.

காமினி


பெண்கள் பிளாக், சிறை
12 மார்ச் 2024

அன்புள்ள மதினிக்கு,

மாரிச்செல்வி எழுதுவது. உங்கள் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. தமிழ்க் கடிதம் என்றால் தமிழ் தெரிந்த அதிகாரி படித்து முத்திரை போட வேண்டுமாம், அவர் லீவில் இருந்தார். ஆகவே நீங்கள் என்னைத் திட்டியதை எனக்கு முன்னால் ஒருவர் நிதானமாகப் படித்திருக்கிறார். பரவாயில்லை.

பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வயதுவரை பிள்ளை என்னோடு இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

நீங்கள் பஞ்சு வைத்த பள்ளத்தைப் பற்றி எழுதினீர்கள். நானும் எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பதினேழாம் நாள் உங்கள் தம்பி என் வயிற்றில் மிதித்தார். வெந்நீர் போட்டுக் குளித்தது குற்றம், கேஸ் வீணாகிறதாம். தையல் பிரிந்து கால் வழியே ரத்தம் போனது. அன்றைக்கு நீங்கள் மீன் குழம்பு கொண்டுவந்தீர்கள். என்ன நொண்டுகிறாய் என்று கேட்டீர்கள், வழுக்கிவிட்டது என்றேன். நீங்கள் என்னையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வசம்பைச் சுட்டுக் குழந்தைக்குத் தொப்புளில் தடவினேன், பேய்க்கு வைக்கிறாயா என்று சுவரில் தள்ளினார். சேலையில் தூளி கட்டினேன். என் அம்மா கொடுத்துவிட்ட சேலை. கத்தியால் நடுவில் கிழித்துவிட்டு, "ஒங்க ஊரு பழக்கத்த எல்லாம் ஏர்போட்லயே வுட்டுட்டு வரணும் லா" என்றார். என் விசா புதுப்பிக்க அவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அதைத்தான் சொல்வார், வரமாட்டேன், போலீஸ் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று. கடைசியில் போலீஸ் பிடித்தது வேறு கதையாகிவிட்டது.

அந்த ஸ்பிரிங் தொட்டிலை நான் ஒருநாளும் தொட்டதில்லை. பிள்ளையைத் தரையிலோ மடியிலோதான் போடுவேன். அன்று சமையலறையில் வேலையாக இருந்தேன். யுகேஷ் வீறிட்டு அழுதான், பிறகு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். துணி மூட்டை கூரையைத் தொடுகிற மாதிரி எழும்பி எழும்பி விழுகிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விடுகிறார். நான் உலக்கையோடு போனேன். முதல் அடி எனக்குத் தெரிந்து அடித்தேன். மற்ற இரண்டும் ஏன் என்று இன்றுவரை தெரியாது.

இங்கே ஒரு அறையில் எட்டுப் பேர். இந்தோனேசியாக்காரி இருவர், தாய்லாந்துக்காரி ஒருத்தி, மற்றவர்கள் இந்த ஊர். யுகேஷை எல்லோரும் அடேக் என்று கூப்பிடுகிறார்கள், தம்பி என்று அர்த்தமாம். அவன் அழுதால் மட்டும் யாருக்கும் தம்பி இல்லை. அந்தத் தாய்லாந்துக்காரி பாட்டிலை எடுத்து என் முகத்தில் வீசினாள், மேல் உதடு கிழிந்தது. நான் அவள் கையைக் கடித்து வைத்தேன். வார்டன் ரொஸ்னா வந்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டார்.

மதினி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குப் பிறகு முதலில் அந்த அறைக்குள் வந்தவர் நீங்கள்தான் என்று போலீஸ் சொன்னது, எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் பிள்ளையை ஆட்டத்தான் செய்தாரா? நான் பட்டிக்காட்டுக்காரி, தெரியாமல் கொன்றுவிட்டேனா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க என்னால் முடியவில்லை.

மாரிச்செல்வி


செபராங் ஜெயா
31 மார்ச் 2024

மாரிச்செல்விக்கு,

என்னை மதினி என்று எழுதாதே. நான் உனக்கு ஒன்றும் கிடையாது.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். ஆட்டத்தான் செய்தான். வேகமாக ஆட்டினான், அவ்வளவுதான். ஆம்பிளைக் கை. நான் கடையில் மத்தியானச் சோற்றைப் பொட்டலமாகத் தபாவ் பண்ணிக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்து, கதவைத் திறந்து உள்ளே வந்தபோது தொட்டில் ஒழுங்காக இருந்தது. குறுக்குக் குச்சி அதன் இடத்தில் இருந்தது, துணி விரிந்து இருந்தது, காற்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். உன் வக்கீல் சிவநேசன் என்று ஒருவர் ஃபோன் பண்ணினார், அவரிடமும் இதையே சொன்னேன். இனிமேலும் இதைத்தான் சொல்வேன்.

அவன் கோபக்காரன்தான். எந்த ஆம்பிளை கோபக்காரன் இல்லை? அதற்கு நீ என்னிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கல்லை எடுப்பாயா?

உன் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உன் வம்சத்தில் ஒரு விளக்கும் எரியக் கூடாது என்றேன். அந்த மனிதர் அழுதார். எனக்கு அது பத்தவில்லை. நீ எதிரில் நின்றிருந்தால் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்திருப்பேன். தினமும் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்குச் சோறு ஊட்டும் மாதம் வந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாம் கோயிலில், அவனுடைய அப்பனுக்கு ஊட்டிய அதே சந்நிதியில் ஊட்ட வேண்டும். சிறைச் சோற்றை அவன் வாயில் வைக்காதே. இன்னொரு பாரம் வைத்திருக்கிறேன்.

காமினி


பெண்கள் பிளாக், சிறை
5 மே 2024

மதினிக்கு,

வேண்டாம் என்றீர்கள், வேறு எப்படிக் கூப்பிட என்று எனக்குத் தெரியவில்லை.

சோறு ஊட்டியாகிவிட்டது, மன்னியுங்கள். ரொஸ்னா காக்கா வீட்டிலிருந்து கொஞ்சம் குழைந்த கஞ்சி கொண்டுவந்தார். இங்கே அக்காவைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. இந்தோனேசியாக்காரி ஒருத்தி அவனை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு ஊட்டினேன்.

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். குறுக்குக் குச்சி அதன் இடத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் குச்சியைப் பற்றிக் கேட்கவே இல்லையே, மதினி. அப்படி ஒரு குச்சி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்த் தூளியில் அதெல்லாம் வைப்பதில்லை.

ரொஸ்னாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். அவருக்கு நான்கு பிள்ளைகள். கைலியின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டை கொடுப்பார்கள், அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்று கையால் செய்து காட்டினார். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. நான் பார்த்தது துணி மூட்டை. வாய் விரிந்த தொட்டில் இல்லை, மூட்டை. எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாததால் எது தப்பு என்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதவே கை வரவில்லை. போன வியாழக்கிழமை யுகேஷுக்குக் காய்ச்சல். காலையிலிருந்து மத்தியானம்வரை ஓயாமல் அழுதான். அறையில் எல்லோரும் கத்தினார்கள். ஒருத்தி அவன் காலைப் பிடித்து இழுத்தாள், நான் அவள் விரலை மடக்கி ஒடித்துவிட்டேன். சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அவன் அழுதான். நான் அவன் வாயைப் பொத்தினேன், மதினி. மூக்கோடு சேர்த்து. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் கண் பெரிதாகி என்னையே பார்த்தது, அப்போதுதான் கையை எடுத்தேன்.

முன்பெல்லாம் எனக்கு அடி வாங்க மட்டும்தான் தெரியும். இப்போது அடிக்கவும் தெரிந்துவிட்டது. இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிள்ளை வளர்ப்பேன்? உங்கள் இரண்டாவது பாரத்தில் கையெழுத்துப் போட்டு என் பாயின் அடியில் வைத்திருக்கிறேன். அன்று நீங்கள் பார்த்தது என்ன என்று உள்ளபடி எழுதுங்கள். எழுதினால் பாரத்தை அனுப்புகிறேன். பிள்ளை உங்களிடம் வந்துவிடுவான்.

மாரிச்செல்வி


செபராங் ஜெயா
16 ஜூன் 2024

மாரி,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போட்டேன். மறுநாள் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி ஒட்டி வைத்தேன். வாயைப் பொத்தினேன் என்று நீ எழுதிய இடம் வரும்போதெல்லாம் கடிதத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். கோபம் உன்மேல் இல்லை.

நீ கையை எடுத்தாய். அவன் எடுக்கவில்லை.

அன்று நான் உள்ளே வந்தபோது குறுக்குக் குச்சி தரையில் கிடந்தது. கைலியின் வாயை முறுக்கி, தனேஷ் தன் இடுப்பு பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். அழுகைச் சத்தம் வெளியே வராமல் இருக்கத்தான், வேறு எதற்கு? அதற்கு மேல் தூக்கித் தூக்கிக் குலுக்கியிருக்கிறான். ஸ்பிரிங் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நீ உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். என்னை நீ பார்க்கவே இல்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

நான் பெல்ட்டைப் பிரித்தேன். பிள்ளை நீலமாக இருந்தான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைந்தேன். ஆறேழு அறை. என் கை வலித்தது. அப்புறம்தான் அழுதான். அவனை உன் மடியில் போட்டேன், நீ உலக்கையை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாய். அதுகூட உனக்கு நினைவிருக்காது.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். தனேஷ் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வாயில் ரத்தக் குமிழ் வந்து வந்து உடைந்தது. நான் ஃபோனை எடுக்கவில்லை. குச்சியைத் தேடி எடுத்து கைலியில் மாட்டினேன். துணியை நீவி விட்டேன். பெல்ட்டைச் சுருட்டி என் கைப்பையில் போட்டேன். பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று பேப்பரில் வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். எல்லாம் முடித்துக் கையைக் கழுவிவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பத்து நிமிஷமா, பதினைந்து நிமிஷமா தெரியவில்லை. முதலிலேயே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானோ என்று டாக்டரைக் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் இல்லை. நீ மூன்று அடி அடித்தாய். நான் அவன் பேரைக் காப்பாற்றினேன், அவனை விட்டுவிட்டேன்.

அவன் எப்படிப்பட்டவன் என்று உனக்கு முன்பே எனக்குத் தெரியும். என் இடது மணிக்கட்டு கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பாய். பாத்ரூமில் விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, டிவி ரிமோட்டைக் கேட்டேன் என்று கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். மறுநாள் அழுதான். நான் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன், ஒற்றைக் கையால். இவனுக்கு இந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், விசாரித்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் உன் ஊருக்கு வந்தேன். கடல் கடந்து வந்தவள் யாரிடம் போய்ச் சொல்வாள் என்ற கணக்கு எனக்கும் இருந்தது. நீ நொண்டிய அன்று நான் பார்த்துவிட்டு ஏன் கேட்கவில்லை என்பது இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு சிவநேசன் வக்கீலைப் பார்த்தேன். பெல்ட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "ஏன் அக்கா இவ்ளோ நாளு?" என்று மட்டும் கேட்டார். அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார், மூன்று மணி நேரம் எழுதி வாங்கினார்கள். முன்பு பொய் சொன்னதற்கு என்மேலும் வழக்கு வரலாமாம். வரட்டும். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து காறித் துப்பிவிட்டுப் போனார்கள், நேற்று ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டதால் பாரத்தை அனுப்பிவிடாதே. பிள்ளையை வாங்குவதற்காக எழுதவில்லை. நீ வெளியே வந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாய், எனக்குத் தெரியும். எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே ரத்தம் அவன். தெரிந்தேதான் எழுதினேன்.

காமினி


பெண்கள் பிளாக், சிறை
9 பிப்ரவரி 2025

மதினிக்கு,

கோர்ட்டில் உங்களைப் பார்த்தேன். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அரசாங்க வக்கீல் உங்களைப் போட்டுக் குத்திக் குடைந்தபோது, கோணல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினீர்களே, அப்போது நான் கூண்டுக்குள் அழுதுவிட்டேன்.

கொலை வழக்கு நோக்கமில்லாத கொலையாகக் குறைந்து, தண்டனை ஆறு வருஷம் என்று உங்களுக்குத் தெரியும். நல்லபடி நடந்துகொண்டால் இன்னும் மூன்று வருஷத்தில் வெளியே விடுவார்களாம். முதல் அடிக்கு நீதிபதி என்னை மன்னித்த மாதிரிதான் பேசினார். மற்ற இரண்டுக்குத்தான் இந்த ஆறு வருஷம் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியாகத்தான் இருக்கிறது.

உங்களை மன்னித்தேனா என்று கேட்டு நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், முழுசாக இல்லை. என் பிள்ளையின் முதுகில் அறைந்து உயிரை மீட்டுக்கொடுத்த கையைக் கும்பிடுகிறேன். அதே கை பெல்ட்டைச் சுருட்டியது. நான்கரை மாதம் நான் இங்கே தப்பாகக் கொன்றுவிட்டேன் என்று தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டிக்கு வந்து என் வீட்டுக் காப்பியைக் குடித்தபோதே அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. நீங்கள் எதிரில் நின்றால் நானும் முடியைப் பிடிப்பேனோ என்னவோ.

பாயின் அடியில் இருந்த பாரத்தைப் போன வாரம் எடுத்துக் கிழித்தேன். மூன்று வயது முடியும்வரை அவன் என்னோடுதான். கை ஓங்கத் தோன்றினால் அவனை ரொஸ்னா காக்காவிடம் கொடுத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அப்படி ஏழு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஓங்கவில்லை.

ஆனால் அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவனை வெளியே அனுப்பியாக வேண்டும். அப்பா இந்த ஊர் என்பதால் அவனும் இந்த ஊர்ப் பிள்ளை, என் அப்பாவிடம் அனுப்புவது லேசு இல்லை என்கிறார்கள். யாரென்றே தெரியாத ஒரு ஹோமில் விடுவதற்கு எனக்கு மனசு இல்லை. அதனால் புதுப் பாரம் வாங்கி நானே நிரப்பியிருக்கிறேன். நான் வெளியே வரும்வரை மட்டும், உங்களிடம். வந்தவுடன் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். மறிக்கக் கூடாது. மறித்தால் என்ன செய்வேன் என்று எழுதமாட்டேன், இந்தக் கடிதத்தை அதிகாரி படிப்பார்.

அதற்கு முன்னால் நீங்கள் இங்கே வந்து வந்து போக வேண்டும். திடீரென்று ஒருநாள் கொண்டுபோனால் பயந்துவிடுவான். செவ்வாய்க்கிழமை பார்வை நேரம். இப்போது நடக்கிறான், எல்லோர் பாயையும் இழுத்துப் போடுகிறான். பாலுக்கு சூசு என்கிறான், சோற்றுக்கு நாசி. அம்மா என்று மட்டும் தமிழில் கூப்பிடுகிறான். நீங்கள் வந்து பேசினால் இன்னும் நாலு வார்த்தை கற்றுக்கொள்வான்.

ஒருநாள் கேட்பான், மதினி. அப்பா எப்படிச் செத்தார் என்று. ஆக்ஸிடென்ட் என்று சொல்லிவிடாதீர்கள், நானும் சொல்லமாட்டேன். நான்தான் கொன்றேன் என்பதை என் வாயால் நான் சொல்கிறேன். ஏன் கொன்றேன் என்பதை உங்கள் வாயால் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவன் நம்பமாட்டான்.

மாரிச்செல்வி